வேங்கை விட்ட சாயம்

பால்வண்ணநாதன் தென்காசிக் கோர்ட்டில் வக்கீல். வீடு குற்றாலத்தில். ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கினால் போதும், திருநெல்வேலியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் உறவுக்காரர்கள் எண்ணெய்க் கிண்ணமும் துண்டுமாக வந்து இறங்கிவிடுவார்கள். இருக்கிற அறைகளில் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு படுப்பார்கள். அதனால்தான் மாடியில் பெரிதாக ஓர் அறை எடுப்பது என்று முடிவாயிற்று. சிமெண்டுக்குப் பர்மிட்டு கேட்டு ஆபீஸ் ஆபீஸாக அலைய முடியாது, மர உத்திரம் போட்டு மேலே பலகைத் தளம் அடித்துவிடலாம் என்றார் பால்வண்ணநாதன்.

எந்த மரம் என்பதில்தான் சங்கடம் வந்தது.

எதிர்வீட்டில் இருந்தவள் அவருடைய அக்காள் சொக்கம்மாள். அவள் வீட்டு நிலை, கதவு, ஊஞ்சல் எல்லாம் தேக்கு. "தேக்கு போடு தம்பி. தேக்குக்குக் காசு பாத்தேன்னா, பேசாம மாடியே வேண்டாம்னு விட்டுரு" என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனாள். பால்வண்ணநாதனின் மனைவி உலகம்மாள் அடுப்படியிலிருந்து அதைக் கேட்டாள். கேட்ட மாத்திரத்தில், எது வேண்டுமானாலும் போடலாம், தேக்கு மட்டும் வேண்டாம் என்று அவள் மனதுக்குள் விழுந்துவிட்டது. கல்யாணமாகி வந்த நாள்முதல் அந்த வீட்டில் குழம்புக்குப் புளி கரைப்பதுகூட நாத்தனார் சொன்ன அளவுதான். இந்த ஒன்றாவது தன் இஷ்டத்துக்கு இருக்கட்டும் என்று நினைத்தாள். நினைத்ததில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை.

செங்கோட்டை சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. மரம் எல்லாம் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். செங்கோட்டையில் அப்துல் ஜப்பாரின் மரக்கடை பேர்போனது. மாசி மாதத்தில் ஒருநாள் புருஷனும் பெண்சாதியுமாக அங்கே போனார்கள்.

ஜப்பார் ஒவ்வொரு பலகையாக இழுத்துப் போட்டுக் காட்டினார். தேக்கைக் காட்டினார். "இது அயினி. பலாவுக்குச் சொந்தக்கார மரம். கரையான் தொடாது. கொஞ்ச நாள்ல நெறம் மங்கிரும்" என்றார். கோங்கைக் காட்டி, இது உத்திரத்துக்குத்தான் ஆகும், தளத்துக்குப் போட்டால் வெயிலில் வாய் பிளக்கும் என்றார். ஒரு மூலையில் சின்னச் சின்னத் துண்டுகளாக ஏதோ அடுக்கியிருந்தது. உலகம்மாள் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். மேலே பளபளவென்று தேக்கு. ஓரத்தைத் திருப்பினால் அடுக்கடுக்காக வேறு ஏதோ மரம்.

"அது பிளைவுட்டும்மா. மரத்தைத் தோலு மாதிரி சீவிப் பசை போட்டு அமுக்குதான். மேல் ஏடு மாத்திரம் தேக்கு. இனிமே காலம் இதுக்குத்தானாம், தரைக்குக்கூடப் போடலாம்னு கம்பெனி ஆள் வந்து சொல்லிட்டுப் போறான். தேயிலைப் பெட்டி அடிச்சுப் பாத்திருக்கேன். தரைக்குப் போட்டு நான் பாக்கல. பாக்காததை உங்ககிட்ட விக்க மாட்டேன்."

உலகம்மாள் அதைக் கீழே வைத்தாள். அப்போதுதான் சுவரில் சாய்த்து வைத்திருந்த ஒரு பலகை கண்ணில் பட்டது. தேன் நிறம். நடுவில் சிவப்பு ஓடியிருந்தது. தேக்கைவிட அழகு. கையால் தடவினாள்.

"வேங்கை" என்றார் ஜப்பார். "தேக்கை விட ஒறப்பு. வெலையும் சவுகரியம். ஆனா இதுக்கு ஒரு கொணமுண்டு, கேட்டியளா. தண்ணி பட்டா சாயம் விடும். நாலு பொறமும் எண்ணெய் குடிக்க விட்டு அடைக்கணும். அதுவும் குத்தாலத்துச் சாரலாக்கும்."

பால்வண்ணநாதன் அந்த நேரம் வெளியே லாரிக்காரனிடம் பேசிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து, "என்ன சொல்லுதாரு?" என்று கேட்டார்.

"தேக்கை விட ஒறப்புன்னு சொல்லுதாரு" என்றாள் உலகம்மாள். "இதையே போடுவோம். நான் பொறுப்பு."

சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மிச்சத்தைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பலகை வந்து இறங்கியது. ஏசுதாசன் மேஸ்திரி இழைத்து அடித்தார். மேல்பக்கத்துக்கு எண்ணெய் கொடுத்து வார்னிஷும் பூசியானபின், "கீழ்ப்பக்கம் என்ன செய்ய?" என்று கேட்டார். சாரம் கட்டி, அண்ணாந்துகொண்டே பூச வேண்டிய வேலை. பால்காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது. சொக்கம்மாள் வேறு தினமும் வந்து, "இன்னுமா முடியல?" என்று கேட்டுவிட்டுப் போனாள். "கீழ்ப்பக்கத்தை யாரு மிதிக்கப் போறா? விட்டிருங்க" என்றாள் உலகம்மாள்.

பால்காய்ச்சிய அன்று மாடிக்கு வந்தவர்கள் எல்லாரும் தளத்தைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். முகம் தெரிகிற பளபளப்பு. சொக்கம்மாள்கூடக் குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். உலகம்மாளுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை, சந்தோஷம்தான். அதுமுதல் தினமும் மாடிக்கு ஏறி, வாளி நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு, ஈரத்துணியால் தளத்தை மூலைமுடுக்கு விடாமல் துடைப்பாள். யாரையும் துடைக்க விடமாட்டாள்.

ஆனியில் சாரல் வந்தது. உறவுக்காரர்களும் வந்தார்கள். ஈரக் காலோடு மாடிக்கு ஏறினார்கள், ஜன்னலைத் திறந்து போட்டு மலையைப் பார்த்தார்கள், அருவித் துண்டுகளைத் தளத்திலேயே பரப்பிக் காயப்போட்டார்கள். ஊரே ஈரமாக இருக்கும் மாதம், யாரை என்ன சொல்ல முடியும்?

அந்தத் தெருவில் பல வீடுகளுக்குத் துணி வெளுத்தவள் சந்தனமாரி. புருஷன் இல்லை. சிற்றாற்றங்கரையில் தனியாகக் குடிசை. வெள்ளாவி வைத்து அவள் வெளுத்துக் கொண்டுவரும் வேட்டியைப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போனால் ஜட்ஜே ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார் என்று பால்வண்ணநாதன் சொல்வதுண்டு. வெளுத்த துணிகளை உலகம்மாள் கீழறையில் ஒரு திறந்த அலமாரித் தட்டில் அடுக்கி வைப்பாள். மாடி அறைக்கு நேர் கீழே இருந்தது அந்த அறை.

ஒருநாள் காலையில் பால்வண்ணநாதன் சட்டையை உதறினார். முதுகில் தேயிலைத் தண்ணீர் சிந்தியதுபோல் கறை. ஓரம் சிவந்திருந்தது. உலகம்மாள் சந்தனமாரியைக் கூப்பிட்டுக் காட்டினாள். "ஏட்டி, சாயத் துணியையும் வெள்ளையையும் ஒண்ணாப் போட்டு அவிச்சியா?"

சந்தனமாரி சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இல்ல ஆச்சி. தனித்தனியாத்தான் அவிச்சேன். எப்படி வந்துதுன்னு தெரியலயே." வாங்கிக்கொண்டு போய் மறுபடி வெளுத்தாள். கறை மங்கியதே தவிரப் போகவில்லை. சோடாக்காரம் பட்டு இன்னும் கொஞ்சம் சிவந்ததுபோல்கூட இருந்தது.

அடுத்த வாரம் ஒரு வேட்டி. அதற்கு அடுத்து இரண்டு துண்டும் ஒரு ஜிப்பாவும். சந்தனமாரி பயந்துபோனாள். அதன்பிறகு ஒவ்வொரு துணியையும் உலகம்மாளின் கண்ணெதிரே விரித்து, இரண்டு பக்கமும் காட்டிவிட்டு மடித்துக் கொடுத்தாள். பால்போல இருக்கும். உலகம்மாளும் பார்த்துத்தான் வாங்கி அடுக்குவாள். நாலு நாள் கழித்து எடுத்தால் கறை.

விரித்துக் காட்டிக் கொடுத்த துணியில் கறை எப்படி வரும் என்று அவள் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கத்தான் செய்தாள். காரம் சரியாக அலசப்படாமல் நூலுக்குள் ஒளிந்திருந்து, காற்றுப் பட்டதும் வெளியே வருகிறது என்று தானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டாள். தெருவில் நாலு பேரிடம் அதைச் சொன்னாள். அவர்களும் தலையாட்டினார்கள்.

ஆடி மாதம் ஒரு பெரிய கேஸ். அன்று காலை எடுத்த சட்டையின் நெஞ்சில் ரூபாய் அகலத்துக்குக் கறை. அந்த நேரம் பார்த்துச் சந்தனமாரி துணிமூட்டையோடு வாசலில் வந்து நின்றாள். பால்வண்ணநாதன் பொதுவாகக் குரல் உயர்த்தாத மனுஷர். அன்று சட்டையைச் சுருட்டி அவள் முகத்திலேயே எறிந்தார். "ஒன் கையால ஒரு துணி இனி இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது!"

சட்டை அவள் தோளில் தொங்கியது. "குத்தாலநாதர் சத்தியமா நான் ஒண்ணும் செய்யல சாமி" என்றாள் சந்தனமாரி. சட்டையை எடுத்து, அந்த நேரத்திலும் கசங்காமல் மடித்து, வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் உலகம்மாள் சொக்கம்மாள் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். அங்கே இன்னும் மூன்று வீட்டுப் பெண்கள் இருந்தார்கள். "கண் மங்கிட்டு போல. கவனம் இல்ல. நம்ம நல்ல துணியெல்லாம் பாழாப் போகும்" என்றாள். ஒரு வாரத்தில் தெருவில் எல்லாரும் தென்காசி லாண்டரிக்கு மாறிவிட்டார்கள். சந்தனமாரி கொஞ்ச நாள் இருந்து பார்த்தாள். பிறகு குடிசையைப் பூட்டிக்கொண்டு வாசுதேவநல்லூரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று கேள்வி.

ஆவணியில் சாரல் நின்றது. உறவுக்காரர்களும் ஊருக்குப் போனார்கள். லாண்டரியிலிருந்து வந்த துணி எதிலும் கறை இல்லை. "பாத்தீங்களா!" என்றாள் உலகம்மாள்.

தீபாவளிக்கு முந்தின நாள். ஐப்பசி மழை இரண்டு நாளாக ஊற்றிக்கொண்டிருந்தது. உலகம்மாள் மாடித் தளத்தை வழக்கத்தைவிடத் தாராளமாகத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டுக் கீழே வந்தாள். மறுநாளைக்குப் புது வேட்டியில் மஞ்சள் தடவி வைக்கலாம் என்று கீழறைக்குள் போய் வேட்டியை எடுத்து இடது கையில் போட்டுக்கொண்டாள். சொட்டென்று ஒன்று விழுந்தது.

வேட்டியில் ஒரு பொட்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது விரிந்தது. தேயிலை நிறம். ஓரம் சிவப்பு.

அண்ணாந்து பார்த்தாள். இரண்டு பலகை சேருகிற இடத்தில் அடுத்த சொட்டு திரண்டுகொண்டிருந்தது.

செங்கோட்டைக் கடையில் ஜப்பார் சொன்னதெல்லாம் வார்த்தைக்கு வார்த்தை காதில் கேட்டது. முதலில் தோன்றியது, இப்போதே ஓடிப்போய் அவரிடம் சொல்ல வேண்டும் என்பதுதான். இரண்டாவதாகச் சொக்கம்மாளின் முகம் தோன்றியது. அவள் ஓடவில்லை. அலமாரியிலிருந்த துணிகளையெல்லாம் வாரிக்கொண்டுபோய் முன்னறைப் பெட்டியில் வைத்தாள். கறைபட்ட வேட்டியைப் பழந்துணிக்குள் திணித்தாள்.

"துணியெல்லாம் ஏன் இங்கன வந்திட்டு?" என்று சாயங்காலம் பால்வண்ணநாதன் கேட்டார்.

"அங்கன எலி."

"சரி" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

தீபாவளி முடியட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். தீபாவளி போயிற்று. திருக்கார்த்திகை முடியட்டும் என்று நினைத்தாள். பொங்கலும் போயிற்று. நாள் போகப்போகச் சொல்வதற்கு இரண்டு குற்றம் சேர்ந்தது. முதல் குற்றம் தெரியாமல் செய்தது என்று சொல்லிக்கொள்ளலாம். தெரிந்தபிறகு வாயை மூடிக்கொண்டு இருந்ததற்கு என்ன பேர்? மாடிக்குப் போவதையே குறைத்துக்கொண்டாள். யாராவது தளத்தைப் புகழ்ந்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். தென்காசி பஜாரில் முதுகில் மூட்டையோடு எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் வேறு சந்தில் திரும்பிவிடுவாள்.

சித்திரை விசுத் திருவிழாவுக்கு வாசுதேவநல்லூரிலிருந்து முத்துவடிவு வந்தாள். பால்வண்ணநாதனுக்கு ஒன்றுவிட்ட தங்கை முறை, வசதியான குடும்பம். சாமி கும்பிட்டுவிட்டு வந்து, மாடியில் சொக்கம்மாளும் உலகம்மாளும் முத்துவடிவுமாக உட்கார்ந்திருந்தார்கள். பேச்சுவாக்கில் முத்துவடிவு கேட்டாள்.

"மதினி, சந்தனமாரின்னு ஒருத்தி உங்க வீட்டுல வெளுத்தவளாமே. இப்ப எங்க ஊர்ல அவ அண்ணன் வீட்டோட இருக்கா. மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன்லா, விரிப்பு, வேட்டியெல்லாம் அவகிட்டக் குடுக்கலாமான்னு யோசிக்கேன். குடுத்தா அவளுக்கும் ஊர்ல நாலு வீடு கெடைக்கும். எப்படி அவ?"

சொக்கம்மாள் உலகம்மாளின் முகத்தைப் பார்த்தாள். பதில் சொல்ல வேண்டியவள் உலகம்மாள்தான் என்பதுபோல.

அந்த ஒரு நிமிஷம் அவளுக்குக் கிடைத்தது. அவளுக்காகவே யாரோ கொண்டுவந்து கையில் கொடுத்ததுபோல. "தங்கமான கை" என்று சொல்லியிருந்தால் போதும். தளத்தைப் பற்றிக்கூடச் சொல்ல வேண்டாம். ஆனால் அப்படிச் சொன்னால், பிறகு ஏன் நிறுத்தினாய் என்று சொக்கம்மாள் கேட்பாள்.

"குடுக்கலாம்" என்றாள் உலகம்மாள். "நல்லவதான். என்ன, கொஞ்சம் பாத்துக் குடு."

"ஓ" என்றாள் முத்துவடிவு. அந்த "ஓ"விலேயே காரியம் முடிந்துவிட்டது. பேச்சு பந்தல்காரனுக்குத் தாவிற்று.

அவர்கள் போனபிறகு உலகம்மாள் எழுந்திருக்கவே இல்லை. கோர்ட்டிலிருந்து வந்த பால்வண்ணநாதன் வீட்டில் ஆளைக் காணாமல் மாடிக்கு வந்து பார்த்தார். அவள் தளத்தில் சுவரோரமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"என்னளா? யாரு என்ன சொன்னா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. நான்தான் சொன்னேன்." மூச்சைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினாள். ஜப்பார் சொன்னது, அவள் மறைத்தது, கீழ்ப்பக்கத்தை விடச் சொன்னது, தீபாவளிக்கு முந்தின நாள் பார்த்தது, இன்று முத்துவடிவிடம் சொன்னது வரை. "அந்தக் கறை அவ கையில இருந்து வரலங்க. இந்தத் தளத்துல இருந்து வந்திருக்கு."

பால்வண்ணநாதன் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஜன்னல் பக்கம் போய் நின்றார். கோபப்படப் போகிறார் என்று அவள் காத்திருந்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றார் அவர்.

அவளுக்குப் புரியவில்லை.

"அவள ஏசி அனுப்பினதுக்கு மறுநாள். துண்டு எடுக்கக் கீழறைக்குப் போனேன். அலமாரித் தட்டு மேல சொட்டு சொட்டாக் கறை. மேல பாத்தேன், வெளங்கிட்டு. துணியைச் சொட்டு விழாத ஓரமாத் தள்ளி வச்சிட்டு வந்திட்டேன்." ஜன்னல் கம்பியை நகத்தால் சுரண்டினார். "ஒன்கிட்டச் சொன்னா நீ ஒடிஞ்சு போயிருவேன்னு நெனைச்சேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நெசம் அது இல்ல. ஒரு பொம்பள மூஞ்சில சட்டையை எறிஞ்சேன் பாரு. அதை எறியாம இருந்திருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்."

"அப்பம் எலின்னு சொன்னப்போ..."

"நீயும் பாத்திட்டேன்னு தெரிஞ்சு போச்சு."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஒரே வீட்டில், ஒரே பானைச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, இத்தனை மாதம் இரண்டு பேரும் ஒன்றையே ஒளித்து வைத்திருந்திருக்கிறார்கள். மனசு பாரம் குறையும் என்றுதான் அவள் சொன்னாள். குறையவில்லை. இதுவரை தன் தப்பு என்று இருந்தது இப்போது வீட்டின் தப்பாக ஆகிவிட்டது.

"நான் போய் அவளப் பாக்கப் போறேன். நீங்களும் வாங்க" என்றாள்.

"இனிமே போய் என்ன? விட்டிரு. இதுக்குள்ள எல்லாரும் மறந்திருப்பா."

"அவ மறக்க மாட்டா."

அவர் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து உலகம்மாள் தனியாகத் தென்காசிக்குப் போய்ப் பஸ் பிடித்தாள். வாசுதேவநல்லூரில் இறங்கி விசாரித்துக்கொண்டு போனபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. குளத்துக் கரையில், அண்ணன் வீட்டுக்கு முன்னால், வெள்ளாவி அடுப்பு அணைந்து கிடந்தது. சந்தனமாரி களையெடுக்கப் போய்விட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தாள். முழங்கால்வரை சேறு. உலகம்மாளைப் பார்த்ததும் பழக்கத்தில் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்து நின்றாள்.

"வாங்க ஆச்சி" என்றாள்.

உலகம்மாள் நின்றபடியே சொன்னாள். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்தது எதுவும் வாயில் வரவில்லை. "கறை எங்க வீட்டுத் தளத்து மரத்துல இருந்து வந்திருக்கு மாரி. நீ செய்யல. எனக்குத் தீபாவளிக்கே தெரியும். நான் சொல்லல" என்று அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

சந்தனமாரி கேட்டுக்கொண்டு நின்றாள். அழவில்லை, ஏசவும் இல்லை. காலிலிருந்த சேற்றை மற்றக் காலால் தேய்த்தாள்.

"மரத்துல இருந்தா" என்றாள் கடைசியில். "நான் என்னென்னமோ நெனைச்சேன். தண்ணியில ஏதும் கலக்கான்னு ஆத்துல மேல வரைக்கும் நடந்து போய்ப் பாத்தேன். அடுப்பை இடிச்சிட்டு வேற போட்டேன். எனக்கே கோட்டி பிடிச்சிட்டோன்னு நெனைச்சேன்."

"நீ திரும்பி வந்திரு. எங்க வீட்டுத் துணி எல்லாம் உனக்குத்தான்."

"என்கிட்ட வந்து சொல்லுதீங்களே ஆச்சி, நான் செய்யலேன்னு எனக்குத் தெரியாதா? தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க." "அந்தத் தெருவுல நாலு வீட்டுலயும் சொன்னீங்கள்லா, அதே நாலு வீட்டுலயும் சொல்லுங்க. இங்கன முத்துவடிவு அம்மா வீட்டுலயும் சொல்லுங்க. போன வாரம்தான் கல்யாணத் துணி தாரேன்னு சொல்லியிருந்தாங்க. நேத்து ஆள் விட்டு வேண்டாம்னுட்டாங்க. ஏன்னு தெரியல."

ஏன் என்று உலகம்மாளுக்குத் தெரியும். அதையும் அங்கேயே சொன்னாள். சந்தனமாரி முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். திரும்பி வரவில்லை.

உலகம்மாள் நேராக முத்துவடிவு வீட்டுக்குப் போனாள். முத்துவடிவுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. "அய்யோ மதினி, ராசபாளையத்துக்காரன்கிட்டச் சொல்லிட்டேனே. அடுத்த விசேஷத்துக்குப் பாத்துக்குவோம்" என்றாள். அடுத்த விசேஷம் எப்போதோ?

குற்றாலத்துக்குத் திரும்பி மறுநாள் வீடு வீடாகப் போனாள். ஒரு வீட்டில், "எந்த மாரி?" என்று கேட்டார்கள். இன்னொரு வீட்டில், "அதுக்காகவா நிறுத்தினோம்? லாண்டரில இஸ்திரி நல்லாப் போடுதான், அதுக்காகத்தான்" என்றார்கள். உலகம்மாள் சொன்னதைக் கேட்ட நினைவே அவர்களுக்கு இல்லை. மூன்றாவது வீட்டுக்காரி, "இதுக்குப் போயா இந்த வெயில்ல வந்தீங்க?" என்று மோர் கொடுத்தாள். ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுத்த வார்த்தை அவர்களுக்கு ஒரு பொழுதுபோகாத சாயங்காலப் பேச்சு. அதைத் திருப்பி எடுக்கப் போனால் எடுப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

கடைசியாகச் சொக்கம்மாள் வீட்டுப் படியேறினாள். இங்கே மட்டும் கால் கனத்தது. சொக்கம்மாள் ஊஞ்சலில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள். கேட்டு முடித்ததும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள்.

"நான் பொறுப்பு, நான் பொறுப்புன்னு குதிச்சியே! தேக்கு போடச் சொன்னேனே, கேட்டியா? இப்பம் ஒன் தளம் ஒனக்கே காப்பி ஊத்துது!"

உலகம்மாள் படியிறங்கி வீட்டுக்கு வந்தாள்.

அந்தச் சிரிப்பு அந்த வீட்டோடு நிற்கவில்லை. சொக்கம்மாள் சாயங்காலம் கோயிலில் சொன்னாள், மறுநாள் அருவிக்கரையில் சொன்னாள், மேலகரத்திலிருந்து வந்த தயிர்க்காரியிடம் சொன்னாள். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும், "அந்தச் சந்தனமாரி பாவம், சலவைன்னா அதுவில்லா சலவை, அவளப் போய் இவ..." என்றுதான் ஆரம்பிக்கும். தம்பி பெண்சாதியை மட்டம் தட்டச் சந்தனமாரியை எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்தினாள். உலகம்மாள் வீடு வீடாகப் போய்ச் சொன்னபோது காதில் விழாதது, இப்போது ஊர் முழுக்க விழுந்தது. சீசனுக்கு வந்த உறவுக்காரர்கள், "காப்பித் தளம் எங்க இருக்கு, பாப்போம்" என்று கீழறைக்குள் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். உலகம்மாள் தானே கூட்டிக்கொண்டுபோய் எந்தப் பலகை என்று காட்டினாள். அப்படிக் காட்டும்போது முகம் எரியும். ஆனாலும் ஒருவரிடமும் அதை மறைக்கவில்லை.

ஏசுதாசன் மேஸ்திரி வந்து சாரம் கட்டிக் கீழ்ப்பக்கம் முழுவதும் எண்ணெய் கொடுத்து, பெயிண்டும் அடித்துவிட்டுப் போனார். அதற்குப் பால்வண்ணநாதன்தான் ஏற்பாடு செய்தார். அதோடு தன் பங்கு தீர்ந்தது என்பதுபோல் அதைப் பற்றி அவர் பேசுவதில்லை.

ஆடி முடிவில் சந்தனமாரி திரும்பி வந்தாள். சொக்கம்மாள்தான் ஆள் விட்டுக் கூப்பிட்டிருந்தாள். ஆற்றங்கரைக் குடிசையைத் திறந்து கூரை மாற்றிக்கொண்டாள். முதலில் சொக்கம்மாள் வீட்டுத் துணி, பிறகு அந்த மூன்று வீடுகளில் இரண்டு, பிறகு தெருக்கோடியில் புதிதாக வந்த ஒரு வாத்தியார் வீடு. மூட்டையைத் தூக்கிக்கொண்டு உலகம்மாளின் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். எதிரே வந்தால், "என்ன ஆச்சி" என்பாள். நிற்கமாட்டாள். பால்வண்ணநாதன் வாசலில் இருந்தால் அவளைக் கண்டதும் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். அவரால் அது ஒன்றுதான் முடிந்தது.

புரட்டாசியில் ஒருநாள் உலகம்மாள் வாசலில் காத்திருந்து அவளை நிறுத்தினாள்.

"மாரி, எங்க வீட்டுத் துணியையும் எடுத்துக்கிடேன். கறை இனிமே வராது. அடிப்பக்கம் எல்லாம் அடைச்சாச்சு."

சந்தனமாரி மூட்டையைத் தோளில் மாற்றிக்கொண்டாள். கோபமாகச் சொல்லவில்லை. ரொம்ப நாள் யோசித்து வைத்திருந்ததைச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள்.

"வேண்டாம் ஆச்சி. நீங்க வந்து சொன்னீங்க, ஊர்லயும் சொன்னீங்க. அது எனக்குத் தெரியும், மறக்க மாட்டேன். ஆனா உங்க வீட்டுத் துணியை வாங்கினேன்னா எனக்கு நிம்மதி இருக்காது. ஒண்ணு ஒண்ணா விரிச்சு விரிச்சுப் பாத்துக்கிட்டே கெடப்பேன். வெள்ளையா இருந்தாலும் வெள்ளைன்னு நம்பிக்கை வராது. அந்தப் பயம் எனக்குப் போகல."

"எனக்குப் புரியுது" என்றாள் உலகம்மாள்.

"மழைக்கு முன்ன இதையெல்லாம் காயப்போடணும். வாரேன்" என்று சந்தனமாரி நடந்தாள்.

உலகம்மாள் உள்ளே வந்தாள். லாண்டரிக்காரன் வருகிற நாள் அது. கட்டி வைத்திருந்த துணிமூட்டையை அவிழ்த்து, வெள்ளை வேட்டி சட்டைகளை மட்டும் தனியே எடுத்தாள். கொல்லைப்புறத்துக்குப் போய் வாளியில் சவுக்காரத்தைக் கரைத்து ஊறவைத்தாள். இனி அவற்றை வெளியே கொடுப்பதில்லை என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. யாரிடம் கொடுத்தாலும் சந்தனமாரியின் வேலையைக் கொடுப்பதுபோல் இருந்தது. முதல் வேட்டியைத் துவைத்துப் பிழிவதற்குள் உள்ளங்கை சிவந்து எரிந்தது. உதறிக் கொடியில் போட்டுவிட்டு, அடுத்ததை எடுத்தாள்.